என் குரலில் அமைச்சர் சொன்னது

எனக்குப் பாராளுமன்றத்தில் வேலை. இதைச் சொன்னதும் ஊரில் பாதிப் பேர் தம்பிக்கு ஒரு வேலை பார்த்துத் தரச் சொல்லிக் கேட்பார்கள். மீதிப் பேர் எனக்கு அமைச்சர்களோடு பழக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் வழியில்லை. சபை மண்டபத்தின் மேல்பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை இருக்கிறது. அதற்குள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கீழே ஒருவர் சிங்களத்தில் பேசுவதைக் கேட்கக் கேட்க, அவர் முடிப்பதற்காகக் காத்திருக்காமல், தமிழில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். உறுப்பினர்கள் தங்கள் மேசையில் இருக்கும் கருவியில் அதைக் கேட்பார்கள். நேரலையில் தமிழைத் தெரிவுசெய்து கேட்கிற வெளியாட்களுக்கும் அதே குரல்தான் போகும்.

இந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. 'அவர் சொல்கிறார்' என்று சொல்லவே கூடாது. அமைச்சர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். எழுபது வயது மனிதர் எழுந்து 'என் மனைவி என்னிடம் கேட்டாள்' என்பார். பெண்ணான நானும் கூசாமல் 'என் மனைவி என்னிடம் கேட்டாள்' என்பேன். முதல் வாரம் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் பழகிவிட்டது. காலையில் ஆளுங்கட்சியாக இருந்து மார்தட்டுவேன், அரை மணி நேரம் கழித்து எதிர்க்கட்சியாக எழுந்து என்னையே கிழிகிழியென்று கிழிப்பேன். மாலையில் பஸ் ஏறும்போது எனக்கென்று சொல்ல ஒரு வார்த்தையும் மிஞ்சியிருக்காது.

அம்மாவுக்கு இதை விளக்கிச் சொல்ல ஒருமுறை முயன்றேன். அவர் ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, மறுநாள் பஸ் கண்டக்டரிடம் "எம்மவ பாராளுமன்றத்துல பேசுறா" என்றார். அங்கேயே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. மறைத்து என்ன ஆகப் போகிறது? எனக்கு அது பிடித்திருந்தது. தீபாவளிக்குப் போனால் லயமே எழுந்து வந்து விசாரிக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றவள்கூட நாற்காலி கொண்டுவந்து போடுவாள். அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்தேன்.

லயம் என்றால் வெள்ளைக்காரன் காலத்தில் வரிசையாகக் கட்டிவிட்டுப் போன ஒற்றை அறை வீடுகள். அம்மா இருப்பது பன்னிரண்டு காம்பரா உள்ள லயத்தில், கடைசிக்கு முந்தின காம்பரா. கல் சுவர், தகரக் கூரை. லயத்துக்கு முதுகு கொடுத்தாற்போல மலை. போன வருஷத்து ஐப்பசி மழையில் அந்த மலையின் குறுக்கே ஒரு வெடிப்பு விழுந்தது. முதலில் ஒரு கயிறு அகலம்தான் இருந்ததாம். நான் போய்ப் பார்த்தபோது கை நுழைகிற அகலம். நுழைத்தும் பார்த்தேன். முழங்கை வரை போனது, இன்னமும் போகும் போலிருந்தது, உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அம்மாவின் காம்பராவில் பின்சுவர் விரற்கடை அளவு உள்பக்கம் சாய்ந்திருந்தது.

தை மாதம் மண்சரிவு பார்க்கிற அதிகாரிகள் வந்து அளந்து, இங்கே யாரும் இருக்கக்கூடாது என்று சிவப்புத் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு குடும்பங்களும் தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போயின. ரோட்டுக்குக் கீழே காடு மண்டிக் கிடந்த ஒரு பழைய தேயிலைத் துண்டை அவர்களுக்கு வீடு கட்டக் கொடுப்பதாகப் பேச்சு. நில அளவைக்காரர்கள் வந்து கட்டை அடித்தார்கள். அதோடு சரி. தோட்டத்தைக் கேட்டால் அமைச்சு கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள், அமைச்சைக் கேட்டால் தோட்டம் காணியை விட வேண்டும் என்றார்கள். அடித்த கட்டையில் காளான் முளைத்தது.

பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் வேண்டும். பிள்ளைகள் தார்ப்பாயின் கீழ் உட்கார்ந்து படித்தார்கள், பாவம், அவர்களையும் குறை சொல்ல முடியாது. தோட்டத்து மேலாளரான துரை வந்து, லயத்தைத் திருத்தியாயிற்று, திரும்பிப் போங்கள் என்றார். மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வந்து மிரட்டிப் பார்த்தார். கிராம சேவகர் வந்து கெஞ்சிப் பார்த்தார். யாரும் அசையவில்லை. அசையாமல் வைத்திருந்தது அம்மாதான். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை விரித்துப் படுத்திருந்தவர், துரை முன்னால் எழுந்து உட்கார்ந்து சொன்னாராம்: "சாகுறதுன்னா இந்த பெஞ்சு மேலயே சாகுறோம்ங்க. அந்த மலைக்கு அடியில மட்டும் போக மாட்டோம்." கொழுந்து மலையில் யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசாத மனுஷி. எட்டு மாதம் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். அடுத்த ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மாவட்டத்து உறுப்பினர் ஒருவர் தனியாக ஒரு பிரேரணை கொண்டுவந்தார். மண்சரிவு ஆபத்துள்ள லயங்களில் இருந்தவர்களை மழைக்கு முன் வேறு காணியில் குடியேற்ற வேண்டும் என்பது பிரேரணை. உதாரணத்துக்கு அவர் எடுத்தது எங்கள் தோட்டத்தை. வியாழக்கிழமை மறுநாளைய நிகழ்ச்சித் தாளைக் கையில் வாங்கியதும் எங்கள் தோட்டத்தின் பெயரைப் பார்த்தேன். அந்தக் கட்டடத்தில் எத்தனையோ ஊரின் பெயரைச் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊரைச் சொன்னதேயில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "நாளைக்கு நம்ம லயத்து விஷயம் வருதும்மா. பின்னேரம் ரெண்டு மணிக்கு மேல. தமிழ்ல போட்டுக் கேளுங்க. நான்தான் பேசுறேன்."

நான்தான் பேசுறேன். இதே வார்த்தை. நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது அன்றைக்கு.

சரியாகச் சொன்னால் அது என் முறைகூட இல்லை. எங்கள் அறையில் இரண்டு பேர், அரை மணிக்கு ஒருவர் மாற்றி மாற்றிப் பேசுவோம். அமைச்சர் பதில் சொல்லும் நேரம் என்னோடு இருந்த அக்காவின் முறை. மட்டக்களப்புப் பக்கத்து அக்கா அவர், இருபது வருஷமாக அந்த மைக்கின் முன்னால் இருப்பவர். முறையை மாற்றித் தருவீர்களா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "சொந்த ஊர்க் கதை வந்தா நான் மைக்கைத் தொடமாட்டன் புள்ள. உனக்கு வேணுமெண்டா எடு." அது அனுமதி என்று நினைத்தேன். அது எச்சரிக்கை என்று இப்போது தெரிகிறது.

வெள்ளிக்கிழமை சபை வழக்கம்போலத்தான் தொடங்கியது. செங்கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு படைக்கலச் சேவிதர் முன்னால் வர, சபாநாயகர் பின்னால் வந்தார், எல்லோரும் எழுந்து நின்று உட்கார்ந்தார்கள். அறிவிப்புகள், மனுக்கள், கேள்விகள். ஒரு பாலம் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல மூன்று வாரத் தவணை கேட்டார் ஒரு பிரதியமைச்சர். கேட்டவர் மூன்றாவது தடவையாகத் தவணை கேட்கிறீர்கள் என்று எழுந்தார். அதிலிருந்து ஒழுங்குப் பிரச்சினை, அதற்கு ஒரு எதிர் ஒழுங்குப் பிரச்சினை, அப்புறம் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அப்படி நேரத்தில் எங்களால் செய்ய முடிந்தது ஒன்றுதான். 'குறுக்கீடுகள்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வோம். பார்வையாளர் மாடத்தில் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் ஒரு வகுப்பே உட்கார்ந்திருந்தது. ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. டீச்சர் முறைத்தார்.

அப்புறம் இரண்டு ஒழுங்குவிதிகள் வந்தன. இந்த ஒழுங்குவிதிகள் யாருடைய தலையில் விடியப் போகின்றன என்று அங்கே யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆம் என்போர், இல்லை என்போர், ஏற்றுக்கொள்ளப்பட்டது. நான் போத்தலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்து மூடுவதற்குள் இரண்டும் முடிந்துவிட்டன. கீழே பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் பிரேரணை. உறுப்பினர் தமிழிலேயே பேசியதால் எனக்கு வேலையில்லை. நன்றாகத்தான் பேசினார், அதில் குறை சொல்ல மாட்டேன். வெடிப்பின் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்து தூக்கிக் காட்டினார். நான் கை விட்டுப் பார்த்த அதே வெடிப்பு. யாரோ தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று சிங்களத்தில் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரம் முடிந்துவிட்டது என்று தலைமை ஆசனத்திலிருந்து இரண்டு தடவை சொன்ன பிறகு அவர் உட்கார்ந்தார். இன்னும் மூன்று பேர் அவரை ஆதரித்துத் தமிழிலேயே பேசினார்கள். பிறகு அமைச்சர் எழுந்தார். நான் மைக்கை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

முதலில் எல்லாம் சுகமாகப் போனது. "அந்த மக்களின் துயரத்தை நான் அறிவேன். நானும் மலைநாட்டுக்குப் போயிருக்கிறேன். அவர்கள் வியர்வையால்தான் இந்த நாடு நிமிர்ந்து நிற்கிறது." இதையெல்லாம் நான் மனம் விட்டுச் சொன்னேன். பள்ளிக்கூட மண்டபத்தில் அம்மா கேட்டுக்கொண்டிருப்பார் என்று தெரியும், அதனால் குரலைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அப்புறம் அவர் ஒரு தாளை எடுத்தார்.

தோட்ட நிர்வாகம் அனுப்பிய அறிக்கை அது. வெடிப்பு மேலோட்டமானது என்றிருந்தது. லயங்கள் திருத்தப்பட்டுவிட்டன என்றிருந்தது. மாற்றுக் காணிக்கு இப்போது அவசியமில்லை என்றிருந்தது. அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். அது என் காதில் விழுந்தது, வாய்க்கு வரவில்லை.

மூன்று விநாடி இருக்கும். எங்கள் வேலையில் மூன்று விநாடி என்பது பெரிய நேரம். அக்கா நிமிர்ந்து பார்த்தார். அவர் கை தன்னுடைய மைக்கின் பொத்தானுக்குப் போனது. 'அமைச்சர் சொல்கிறார்' என்று தொடங்கிவிடலாமா என்று நினைத்தேன். இரண்டே வார்த்தை. யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள், மிஞ்சிப் போனால் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கும். ஆனால் எனக்குச் சட்டம் நினைவுக்கு வந்தது, வேலை நினைவுக்கு வந்தது, அக்காவின் முன்னால் தோற்றுப் போவதும் நினைவுக்கு வந்தது.

"அந்த லயங்கள் இப்போது பாதுகாப்பானவை. அந்தக் குடும்பங்கள் பயமில்லாமல் தங்கள் வீடுகளுக்குத் திரும்பிப் போகலாம் என்பதை நான் இந்தச் சபையில் பொறுப்போடு கூறுகிறேன்."

சொன்னேன். தடுமாறாமல், ஒரு சொல்லைக்கூட விழுங்காமல், நல்ல தமிழில் சொன்னேன்.

வாக்கெடுப்பு வேண்டும் என்று உறுப்பினர் கேட்டார். மணி அடித்தது. அந்த மணி ஐந்து நிமிஷம் அடிக்கும், சாப்பாட்டு அறையிலிருந்தும் தாழ்வாரத்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்வதற்காக. அன்றைக்குப் பெயர் கூப்பிட்டுத்தான் வாக்கெடுத்தார்கள். எங்கள் தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். அந்த நேரத்துக்கு நிற்காதவருக்கு அன்றைக்கு வேலை கிடையாது, மழை, காய்ச்சல், பிள்ளைக்குச் சுகமில்லை என்று எதுவும் செல்லாது. இங்கே செயலாளர் நாயகம் பெயர் கூப்பிடக் கூப்பிட, பதில் இல்லாத பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. பிரேரணையை ஆதரித்து உருகி உருகிப் பேசிய மூவரில் இருவரின் பெயருக்கும் பதில் இல்லை. கூப்பிடுகிறவர் ஒரு கணம் நிறுத்திப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அவர்களுக்கு நாளைக்கும் வேலை இருக்கும்.

"பிரேரணை தோற்கடிக்கப்பட்டது." அதையும் நான்தான் சொன்னேன். பிறகு சபை ஒத்திவைக்கப்பட்டது. செங்கோலை எடுத்துக்கொண்டு போனார்கள். அக்கா தன் பையிலிருந்து ஒரு டொபியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

போனை உள்ளே கொண்டுபோகக்கூடாது, பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும். வெளியே வந்து எடுத்தபோது அம்மாவின் அழைப்புகள் ஒன்பது. பத்தரமுல்லை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு கூப்பிட்டேன். தோற்றுவிட்டதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அம்மா எனக்குப் பேச இடமே கொடுக்கவில்லை.

"வந்து சேந்துட்டோம் தாயி."

"எங்கம்மா?"

"எங்கயா? நம்ம காம்பராவுக்குத்தான். எல்லாருமே வந்துட்டோம். அடுப்பு மூட்டி தேத்தண்ணியும் வச்சாச்சு."

பஸ் வந்து நின்று போனது. நான் ஏறவில்லை.

நடந்ததைப் பிறகுதான் துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பக்கத்துக் காம்பராப் பெண்ணின் போனை டீச்சர் மேசையில் நிறுத்தி, சத்தத்தைக் கூட்டி, மண்டபமே சுற்றி உட்கார்ந்து கேட்டிருக்கிறது. உறுப்பினரும் மற்ற மூவரும் பேசியதைக் கேட்டிருக்கிறார்கள். அடுத்து நேராக என் குரல் வந்திருக்கிறது. அவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? எம்.பி. கேள்வி கேட்டார், எங்கள் லயத்துப் பிள்ளை பதில் சொன்னது. திரும்பிப் போகலாம், நான் பொறுப்பு என்றது. வாக்கெடுப்புக்கு முன்னாலேயே போனில் டேட்டா முடிந்துவிட்டது. அதனால் தோற்றுப்போனது யாருக்கும் தெரியாது.

அம்மா எழுந்து பெஞ்சின் மேலிருந்த படங்கை மடித்தாராம். "எம்மவ கைய உட்டு பாத்தவ. அவளுக்குத் தெரியாதா? அவளே சொல்லிட்டா, இனி என்னா பயம்?" அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா முன்னால் நடக்க, பன்னிரண்டு குடும்பமும் பெட்டி சட்டியோடு பின்னால் ஏறிப் போயிருக்கிறது. துரையால் முடியாததை, கண்டாக்கையாவால் முடியாததை, எட்டு மாதம் யாராலும் முடியாததை, என் குரல் இரண்டு நிமிஷத்தில் செய்து முடித்துவிட்டது.

சனிக்கிழமை காலை ரயிலைப் பிடித்தேன். நானுஓயாவில் இறங்கும்போது பின்னேரமாகிவிட்டது, அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, கடைசி மைலை நடந்தேன். தூறிக்கொண்டிருந்தது. வளைவு திரும்பியதும் லயம் தெரிந்தது. தகரத்துக்கு மேல் புகை எழுந்தது, கொடியில் துணி தொங்கியது, யாரோ வீட்டில் ரேடியோ பாடியது. சிவப்புத் தாள் ஒட்டியிருந்த இடத்தில் தோட்டக் கம்பனிக்காரர்கள் வெள்ளையடித்திருந்தார்கள். திருத்தியது என்றால் அவ்வளவுதான். அம்மா பின்சுவரில் பழைய காலண்டர் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். தூக்கிப் பார்த்தேன். காலண்டருக்குப் பின்னால் சுவர் பிளந்திருந்தது.

"அம்மா, அது நான் சொன்னதில்ல. அமைச்சர் சிங்களத்துல சொன்னாரு. நான் தமிழ்ல மாத்திச் சொன்னேன். அதுதான் என் வேல."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார். "அவரு சொன்னது பொய்யின்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் தாயி சொன்ன?"

நான் வேலையின் சட்டத்தைச் சொன்னேன். 'நான்' என்றால் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே கேவலமாகக் கேட்டது. அம்மா கோபப்படவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரொட்டியைத் தட்டில் போட்டு என் பக்கம் தள்ளிவிட்டு, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர்ப் பீலியடியில் எல்லோரையும் கூட்டிச் சொன்னேன். இங்கே இருக்கக்கூடாது, இந்த மழைக்கு முன்னால் மண்டபத்துக்குத் திரும்பிப் போங்கள் என்றேன். தோட்டத்துத் தலைவர், தொழிற்சங்கத்துக்காரர், கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். நான் முடிக்கும்வரை காத்திருந்து, மரியாதையாகத்தான் பேசினார்.

"பாப்பா, கோவிச்சுக்காதீங்க. நேத்து நாங்க வந்த ஒடனேயே ஸ்கூல்காரங்க மண்டபத்துக்கு பூட்டு போட்டுட்டாங்க. இன்னிக்கு காலையில ஆபிஸ்ல போயி கேட்டேன். ஒங்க லயத்து புள்ளையே பாராளுமன்றத்துல சொல்லிருச்சே, இன்னும் என்னா வேணும்னு தொர கேக்குறாரு. நான் என்னா பதில் சொல்றது?"

பக்கத்துக் காம்பராப் பெண், இடுப்பில் பிள்ளையோடு நின்றவள், என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க இருக்கப்போறது கொழும்புல தானேக்கா?" யாரும் அவளை அதட்டவில்லை. அவள் கேட்டதில் தவறும் இல்லை.

அம்மாவையாவது என்னோடு கூட்டிப் போய்விட நினைத்தேன். என் போர்டிங் அறையில் இன்னொரு பாய்க்கு இடம் இருக்கிறது. காலையில் பையைக்கூடக் கட்டிவிட்டேன். அம்மா நான் கட்டியதை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் கொடியில் போட்டார்.

"நான்தானே முன்னால நடந்து எல்லாரையும் கூட்டியாந்தேன். இப்ப நான் மட்டும் ஒங்கூட வந்துட்டா, இந்த புள்ளைங்க மொகத்துல எப்பிடி முழிக்கிறது? மண்டபத்த தொறந்து உட சொல்லு, எல்லாரும் போறோம். இல்லாட்டி இங்கதான்."

அழுதேன், சண்டை போட்டேன், காலில் விழாத குறை. அவர் பிடித்த பிடியை விடவில்லை. துரையின் முன்னால் விடாத மனுஷி என் முன்னால் மட்டும் விட்டுவிடுவாரா?

கொழும்புக்கு வந்து, எழுதாத இடமில்லை. உறுப்பினரின் செயலாளரைப் பார்த்தேன். பிரேரணை முடிந்துவிட்டது, இனி ஆறு மாதத்துக்கு அதே விஷயத்தைக் கொண்டுவர முடியாது என்றார். சபைப் பேச்சுகளை அச்சிடுகிற ஹன்சாட்டில் திருத்தம் போடலாமா என்றுகூடக் கேட்டேன். அச்சில் அந்த வாக்கியம் அமைச்சரின் பெயருக்குக் கீழேதான் இருக்கிறது, அங்கே திருத்த ஒன்றுமில்லை. என் பெயர் எந்த இடத்திலும் இல்லை. என் பெயர் இருந்தது அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டவர்களின் காதில் மட்டும்தான். அக்காவிடம் சொல்லி அழுதபோது அவர் சொன்னார்: "இருபது வருஷமா என்ர புள்ளையளை நான் இந்த நேரலையைக் கேக்க விட்டதில்ல. ஏனெண்டு நீ கேட்டதேயில்ல." உண்மைதான். கேட்டதில்லை.

அந்த ஐப்பசியில் மலை இறங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் செத்துப் போகவில்லை. லயம் நிற்கிறது, வெடிப்பும் இருக்கிறது, அம்மாவும் அதே காம்பராவில் இருக்கிறார். அடுத்த மழை வரும், அதற்கு அடுத்ததும் வரும். மேசையில் உட்கார்ந்து இதை எழுதும்போதும் வெளியே மேகம் கூடினால் எழுந்து அம்மாவுக்குப் போன் போடுகிறேன்.

ஆனால் அந்த ஐப்பசியில் ஒரு நாள், சபை நடந்துகொண்டிருக்கும்போதே, நுவரெலியா மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை வந்தது. அதைச் சபையில் ஓர் அமைச்சர் வாசித்தார், அக்கா தமிழில் சொன்னார். என் முறை வருமுன்னே நான் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து போனை எடுத்தேன். பகல் பன்னிரண்டரை இருக்கும். அம்மா எடுத்தபோது அவர் குரலுக்கு முன்னால் தகரத்தில் விழுகிற மழைதான் கேட்டது.

"அம்மா, இப்பவே எல்லாரையும் கூட்டிக்கிட்டு கோயிலுக்கு போங்க. அது அந்தப் பக்கத்து பாறையில இருக்கு, அங்க பயமில்ல. சாமான எடுக்காதீங்க. மலை வரப்போகுதும்மா."

பதில் வரவில்லை. லைன் விட்டுப் போய்விட்டதோ என்று பயந்து மறுபடியும் கூப்பிட்டேன். அம்மா அங்கேதான் இருந்தார்.

"இது நீ சொல்றதா தாயி, இல்ல அந்த அய்யா யாரும் சொல்றதா?"

"நான்தாம்மா. நானேதான் சொல்றேன்."

மழை கேட்டது. யாரோ பிள்ளையைக் கூப்பிடுவது கேட்டது. அம்மா யோசிக்கிறார் என்று தெரிந்தது.

"அன்னிக்கும் இதே மாதிரித்தானே சொன்ன," என்றார். அப்புறம், சாப்பிட்டாயா என்று கேட்டார்.